வாசலில் கட்டாத வேப்பிலை

கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி. இன்னும் கொஞ்சம். பிள்ளைதான் மடியில இருக்கே, அப்புறம் அந்த மஞ்சப்பைக்குத் தனியா ஒரு சீட்டா? கீழ வை அதை. கீழ வைக்க மாட்டியா? சரி, மடியிலயே வச்சுக்கோ, எனக்கென்ன. மதுரை வரைக்கும் நின்னுக்கிட்டு வர என்னால ஆகாது. முட்டி ரெண்டும் போச்சு. ஜீப்புல போயிப் போயி பஸ்ஸுல ஏறுறதே மறந்து போச்சு.

ஜீப்பு எங்கன்னு கேக்கியா? நீ கேக்கல, நானே சொல்லுதேன். பிடுங்கிட்டாங்க. விசாரணை முடியிற வரைக்கும் வண்டி கிடையாதாம். கொலைகாரிக்குக் கூட போலீஸ் வண்டி குடுக்கான். எனக்குக் கிடையாது. அதனால என்ன, டிக்கெட் எடுத்துட்டு வாரேன். இன்னிக்கு மதுரையில நடக்குற கூட்டத்துல நான் பேசாம விடப் போறதில்ல.

நான் டாக்டர். செண்பகவல்லின்னு பேரு. பயப்படாத, ஊசி போடுற டாக்டர் இல்ல. ஒரு நோயாளி கையைப் பிடிச்சுப் பாத்தே ரொம்ப காலமாச்சு. என் வேலை வேற. எந்த ஊருல எந்த நோய் கிளம்புதுன்னு பாக்குறது. நோய்க் கண்காணிப்புன்னு பேரு. வைக்கோல் படப்புல தீப்பிடிச்சா நீங்கள்லாம் தீயைப் பாத்துக் கத்துவீங்க. நான் புகையைப் பாத்தே கத்துறவ. அதுக்கு ஒரு கண்ணு வேணும் தாயி. செண்பகவல்லி கண்ணுக்குத் தப்பி ஒரு காய்ச்சல் எங்க மாவட்டத்தைத் தாண்டாதும்பாங்க. சும்மா சொல்லல, நிசமாவே அப்படித்தான்.

இந்த ஜன்னலைத் தூக்கி விடேன். பங்குனி வெயிலுல இப்படி அடைச்சு வச்சா வெந்து போவோம். என்ன, வெளிச்சம் பட்டா பிள்ளை கண்ணைக் கூசிக்கிட்டு அழுவுதா? சரி, சாத்தியே இருக்கட்டும். இப்பத்திய பிள்ளைங்க எல்லாம் போனைப் பாத்துப் பாத்துக் கண்ணைக் கெடுத்துக்கிடுது. உன் பிள்ளை மட்டும் என்ன விதிவிலக்கா.

எங்க விட்டேன்? ஆங், டெல்லி. நாடு முழுக்க ஒரே மாதிரி கண்காணிப்பு வரணும், அதுக்கு ஒரு திட்டம் போடணும்னு எல்லா மாநிலத்துல இருந்தும் ஆள் கூப்பிட்டாங்க. எங்க பக்கத்துல இருந்து நான் போனேன். பெரிய ஏசி ஹால், குளிருல பல்லு கிட்டுது. ஒவ்வொருத்தரா எழுந்து படம் போட்டுக் காட்டுதாங்க. ஆஸ்பத்திரியில இருந்து கம்ப்யூட்டருல தகவல் வரும், ரத்தப் பரிசோதனைக் கூடத்துல இருந்து தகவல் வரும், எல்லாத்தையும் சேத்தா எந்த மூலையில எந்த நோய்னு டெல்லியில உக்காந்தே பாத்துறலாம்னு. எல்லாரும் கைதட்டுதாங்க. நான் மட்டும் தட்டல. கையைத் தூக்கினேன்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தாத்தானய்யா ஆஸ்பத்திரிக்குத் தெரியும்? எங்க ஊருல அம்மை ஆஸ்பத்திரிக்கு வராது. வீட்டுக்குத்தான் வரும்"னேன். நம்ம பக்கம் எப்படின்னு உனக்குத் தெரியுமே. பிள்ளைக்கு மணல்வாரி அம்மை போட்டா யாராவது நோவுன்னு சொல்லுவாங்களா? அம்மா வந்திருக்கா, அம்மா விளையாடுதாம்பாங்க. மஞ்சத்தண்ணி, வேப்பிலைப் படுக்கை, தாளிக்காத சமையல், அதோட சரி. பிள்ளைக்கு மூச்சு முட்டினாத்தான் டாக்டர் ஞாபகம் வரும். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக் கணக்குல அம்மையே இல்ல. டெல்லியில உக்காந்து பாத்தா எங்க மாவட்டம் சொர்க்கம் மாதிரி தெரியும்.

குல்கர்ணின்னு ஒருத்தர், அவருதான் அந்தத் திட்டக் குழுவுக்குத் தலைவர். மூக்குக் கண்ணாடியை இறக்கிட்டு, "அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கிறது, டாக்டர்?"னு கேட்டார். நான் சொன்னேன், "வேப்பிலையைப் பாத்து."

சிரிச்சாங்க. நல்லாச் சிரிக்கட்டும்னு விட்டேன். அப்புறம் சொன்னேன். எந்த வீட்டுல அம்மை போட்டிருந்தாலும் வாசல்ல வேப்பிலைக் கொத்து தொங்கும். ஆஸ்பத்திரிக்கு ஒளிக்கிற வீடு கூட தெருவுக்கு ஒளிக்காது. பால்காரர், தபால்காரர், கரண்ட் கணக்கெடுக்க வாரவரு, பால்வாடி டீச்சர், எல்லாரும் தெரு வழியாத்தானே போறாங்க? போற போக்குல போனைத் தூக்கி ஒரு படம் எடுத்து அனுப்பட்டும். மேப்புல ஒரு சிவப்புப் புள்ளி விழும். மறுநாள் நம்ம வண்டி அந்த வாசல்ல நிக்கும். அவ்வளவுதான் என் திட்டம். சிரிப்பு அடங்கிப் போச்சு. ஒரு பீகார்க்காரர் எழுந்து, "எங்க ஊருல சீதளா அம்மன், ஆனா அங்கயும் வேப்பிலைதான்"னார். இன்னொரு அம்மா ஒரிசாவுல இருந்து, அவங்களும் ஆமாங்காங்க. குல்கர்ணி எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். நாடு முழுக்கப் போட வேண்டிய திட்டம், முதல்ல உங்க மாவட்டத்துல ஓட்டிப் பாருங்கன்னுட்டார்.

முறுக்கு தின்னுறியா? சும்மா எடுத்துக்கோ, வீட்டுல சுட்டது. வேண்டாமா? எண்ணெய்ப் பலகாரம் ஆகாதா? விரதமா? ஓ, கோயில் கொடி ஏறியிருக்கோ உங்க ஊருல. அதான் செருப்பும் போடாம வந்திருக்க. இந்தத் தார்ரோட்டுல வெறுங்காலா நடந்தா காலு பொத்துப் போகும் தாயி. சாமி ஒண்ணும் செருப்பைப் பாத்துக் கோவிச்சுக்கிடாது.

செருப்புன்னதும்தான் ஞாபகம் வருது. அந்த முதல் வருசம் எங்களுக்கு வந்த சண்டை பூராவும் செருப்புச் சண்டை. எங்க ஆளுங்க செருப்போட வீட்டுக்குள்ள போயிட்டாங்களாம். அம்மா இறங்கியிருக்கிற வீட்டுல பூட்ஸ் காலோட வரலாமாங்கான் ஒருத்தன். ரத்தம் எடுத்தா அம்மா கோவிச்சுக்கிடுவாளாம், ஒரு பெரியவர் கம்பைத் தூக்கிட்டு வந்துட்டார். போலீசை நிறுத்தி வச்சுத்தான் எடுத்தோம். வேற எப்படி எடுக்கிறது? நாங்க ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்கணும், வாசலுக்கு வாசல் பூட்ஸ் லேசைக் கழட்டிக் கட்டிக்கிட்டு இருக்க முடியுமா? நீயே சொல்லு.

அப்புறம் அந்த மைக்கு வண்டி. அதுவும் என் யோசனைதான். 'இந்தத் தெருவில் அம்மை நோய் கண்டறியப்பட்டுள்ளது'ன்னு சொல்லிட்டே சுத்தி வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்குத் தடுப்பூசி போட ஜனங்க ஓடி வரணும்ல? அதுக்குத்தான். பேச்சிமுத்துன்னு ஒரு பலசரக்குக் கடைக்காரர் என் ஆபீசுக்கே வந்து அழுதார். மைக்குல தெருப் பேரைச் சொன்னதுல இருந்து கடைக்கு ஒரு ஈ வரலையாம். மகளுக்குப் பூ வச்சிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டுக்காரங்க திரும்பி வரலையாம். நான் சொன்னேன், "அண்ணாச்சி, உங்களுக்கு யாவாரம் பெருசா, ஊருப் பிள்ளைங்க பெருசா?"ன்னு. துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டார்.

நீ எந்த ஊரு? வேலாங்குளமா? வேலாங்குளத்துக்கு எங்க வண்டி ரெண்டு தடவை வந்திருக்கே! தெரியும்கியா? பின்ன, தெரியாம இருக்குமா. உங்க ஊருதான் அந்த வருசம் மேப்புல நல்லாச் சிவந்து கிடந்துச்சு. எவ்வளவு அழகா இருக்கும் தெரியுமா அந்த மேப்பு. கண்ணுக்குத் தெரியாமக் கிடந்தது அத்தனையும் வெளிய வந்துட்டுன்னு நான் ராத்திரி தூங்காம அதையே பாத்துக்கிட்டு இருப்பேன்.

பிள்ளைக்கு என்ன இப்படி இருமல்? மூக்கும் ஒழுகுது. ஐஸ் வாங்கிக் குடுத்தியா? என் தோள்ல சாஞ்சு தூங்குதே, நல்லாத்தான் தூங்கட்டும். அப்பா, என்ன சூடு. இந்தச் சீட்டுக்கு அடியில சக்கரம் ஓடுது பாரு, அந்தச் சூடு எல்லாம் மேல ஏறுது. துண்டையாவது கொஞ்சம் விலக்கி விடேன், மூஞ்சியையே மூடி வச்சிருக்க. கண்ணு பட்டுருமாக்கும். சரி, உன் பிள்ளை, உன் இஷ்டம்.

அடுத்த வருசம் கேளு. மாசி வந்துச்சு, பங்குனி வந்துச்சு, மேப்புல ஒரு புள்ளி விழல. பால்காரர்கிட்ட கேட்டேன், தபால்காரர்கிட்ட கேட்டேன், ஒரு வாசல்லயும் இலையே இல்லம்மாங்காங்க. நான் டெல்லிக்குப் போய் ரெண்டு வருச மேப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினேன். போன வருசம் சிவப்பு, இந்த வருசம் வெள்ளை. எழுந்து நின்னு கைதட்டினாங்க தாயி. முன்ன சிரிச்ச அத்தனை பேரும் எழுந்து நின்னாங்க. அம்மையை மாவட்டத்தை விட்டே விரட்டிட்டா இந்த அம்மான்னு குல்கர்ணி சொன்னார். நான் ஃபிளைட்டுல வரும்போது அழுதேன். எங்க அம்மா இருந்திருந்தா பாத்திருப்பாளேன்னு.

அதுக்கப்புறம்தான் அந்தக் கல்யாணம். போன சித்திரையில, ஒரு கிராமத்துல. பேரு எதுக்கு. கல்யாணத்துக்கு வந்த பிள்ளைங்க அத்தனைக்கும் அம்மை. அந்த ஊரு, பக்கத்து ஊரு, அதுக்கு அடுத்த ஊரு. ஆஸ்பத்திரியில பாய் போட்டுப் படுக்க வச்சாங்க. அப்பத்தான் தெரிஞ்சுது. அம்மை எங்கயும் போகல. இலைதான் போச்சு. இலையைக் கட்டினா வண்டி வருது, மைக்கு வருது, பூட்ஸ் காலு வருதுன்னு ஒருத்தரும் கட்டல. பிள்ளையை உள் அறையில படுக்க வச்சுட்டு வாசலைக் கூட்டிக் கோலம் போட்டு வச்சிருக்காங்க!

எவ்வளவு பெரிய ஏமாத்து வேலை பாரு. முன்னெல்லாம் வாசல்ல இலை தொங்கினா அந்த வீட்டுக்குள்ள ஒரு குஞ்சு போகாது. கடன் கேட்டவன் கூடத் தெருவுலயே நின்னுட்டுப் போயிருவான். வயித்துப் பிள்ளைக்காரி அந்தத் தெருவையே சுத்திக்கிட்டுப் போவா. ஒருத்தரும் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம், இலை சொல்லிரும். இப்ப இலை இல்ல. அதனால எல்லா வீட்டுக்கும் எல்லாரும் போனாங்க, வந்தாங்க, பிள்ளைங்க ஒரே பாயில உருண்டுச்சு. அவ்வளவுதான் நடந்தது. இதுல என் திட்டத்துல என்ன தப்பு? சொல்லு, என்ன தப்பு?

முத்துச்செல்வின்னு ஒரு பொண்ணு. தலைப்பிள்ளை, ஏழாம் மாசம். கல்யாண வீட்டுல பூக்கட்டப் போயிருக்கா. அங்க ஒரு சின்னப் பிள்ளை இவ மடியில வந்து படுத்திருக்கு. காய்ச்சலாக் கிடந்த பிள்ளை. பத்து நாள் கழிச்சு இவளுக்கும் வந்துட்டுது. இவ பிழைச்சா. வயித்துல இருந்தது தங்கல.

நான் போய்ப் பாத்தேன். பாக்காம இருப்பேனா? சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்திருந்தா. திரும்பாமலே, "வாசல்ல இலை இருந்திருந்தா நான் உள்ள போயிருக்கவே மாட்டேனே டாக்டரம்மா"ன்னா. அதையேதான் நானும் சொல்லுதேன்! இலையைக் கட்டியிருக்கணும். கட்டாதது யார் தப்பு? நான் அவகிட்ட அதைச் சொல்லல. சொல்ல முடியல. வெளிய வந்து ஜீப்புல உக்காந்து தண்ணி குடிச்சேன். அதுக்குத்தான் என் மேல விசாரணை. ஆனா தப்பு என் தப்பு இல்ல.

இரு, போன் அடிக்குது. சொல்லு பொன்ராஜ். வந்துக்கிட்டே இருக்கேன்யா, பாதி வழி தாண்டியாச்சு. குல்கர்ணி வந்துட்டாரா? ஆரம்பிக்கட்டும், என் முறை வரும்போது நான் அங்க நிப்பேன். வைய்யி.

என் ஆபீஸ் ஆளு. நல்ல பையன், பயந்தாங்கொள்ளி. மேடம், கொஞ்சம் இறங்கிப் போங்க, மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கங்கான். எதுக்கு நான் இறங்கிப் போகணும்? இன்னிக்கு மதுரையில அதைத்தான் முடிவு பண்ணப் போறாங்க, என் திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டு போறதா, குழி தோண்டிப் புதைக்கிறதான்னு. புதைக்க விட மாட்டேன். நான் என்ன சொல்லப் போறேன் தெரியுமா? ஒரு சட்டம் போடுங்கன்னு சொல்லப் போறேன். அம்மை போட்ட வீட்டுல இலை கட்டியே ஆகணும். கட்டலைன்னா அபராதம். சாமிக்குப் பயந்து கட்டினவங்க சர்க்காருக்குப் பயந்து கட்டட்டுமே. என்ன அப்படிப் பாக்க? சிரிக்கியா, அழுவுறியா? மூஞ்சியைத் துடை. ஊருல உள்ள அம்மை எல்லாத்துக்கும் நீ அழுதா முடியுமா.

எந்த ஊரு ஸ்டாப் இது? கூட்டத்தைப் பாரு, அடைச்சு ஏத்துதான். யம்மா, பாத்து, பாத்து ஏறு! நிறைமாசம் போலிருக்கே. ஏப்பா, பிடிச்சு ஏத்தி விடு. ஆம்பிளை அத்தனை பேரும் ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான் பாரு, ஒருத்தனாவது எழுந்திரிக்கானா. வாம்மா, இங்க வா. நான் எழுந்திரிக்கேன். எனக்கு முட்டி வலி கிடக்கட்டும், நீ உக்காரு. இந்தப் பிள்ளைக்குப் பக்கத்துல உக்காரு.

ஏ தாயி, நீ ஏன் கையை நீட்டி மறிக்க? உக்காரக் கூடாதா? இது உங்க வீட்டு நாற்காலியா? மூணு பேரு சீட்டு இது. நிறைமாசக்காரி நிக்கா, நீ கல்லு மாதிரி மறிச்சுக்கிட்டு இருக்க! நீயும் ஒரு பிள்ளையைப் பெத்தவதானே? இத்தனை நேரம் உன்கிட்ட மனுசியை மாதிரிப் பேசிக்கிட்டு வந்தேனே. கண்டக்டர், இங்க வாப்பா, இந்தப் பொண்ணு சீட்டு விட மாட்டேங்குது.

பையை எதுக்குத் திறக்க? சீட்டு விடச் சொன்னா பையைத் திறக்கியே. என்னத்தை எடுக்க?

வேப்பிலை.

முன் சீட்டுக் கம்பியில எதுக்குக் கட்டுத? தாயி. ஏ தாயி. எதுக்கு அதை...

பிள்ளையைக் காட்டு. துண்டை எடு. எடுன்னா. என்னைப் பாரு கண்ணு. ஐயோ, கண்ணு ரெண்டும் கோவைப்பழமா... காதுக்குப் பின்னால... கழுத்து பூராவும். என் தோள்லதானே படுத்திருந்துச்சு. இத்தனை நேரமும் என் தோள்லதானே படுத்திருந்துச்சு.

எத்தனை நாளாச்சு? நேத்துல இருந்து மூச்சு வாங்குதா? உள்ளூருல ஆஸ்பத்திரி இருக்கே, ஏன்... ஆமா. வண்டி வந்துரும். மைக்கு வந்துரும். உன் வீட்டுக்காரர் வேண்டாம்னாரா? மாமியாரா? பெரியாஸ்பத்திரிக்கு யாருக்கும் தெரியாமக் கொண்டு போறியா. வாசல்ல கட்ட வேண்டிய இலையைப் பைக்குள்ள வச்சு மடியிலயே தூக்கிட்டு வந்திருக்க. அதான் கீழ வைக்க மாட்டேன்னியா.

யம்மா, நீ தள்ளிப் போ. முன் படிக்கட்டுப் பக்கம் போய் நில்லு, ஜன்னல் ஓரமா. பயப்படாத, அவ உன்னை உக்கார விடல, தெரியுதா? உக்காருன்னு சொன்னது நான். நாளைக்குக் காலையில உங்க ஊரு நர்ஸம்மாகிட்ட போய், இந்த மாதிரி பஸ்ஸுல அம்மை போட்ட பிள்ளை இருந்துச்சுன்னு சொல்லு. அவ பாத்துக்கிடுவா. யாராவது எழுந்து அந்தப் பொண்ணுக்கு இடம் குடுங்கப்பா! ஆங். இப்ப எழுந்திரிக்கீங்கள்ல.

பாத்தியா தாயி, ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. இலையைப் பாத்தாங்க, அவங்களாவே ஒதுங்கிட்டாங்க. நம்ம சீட்டைச் சுத்தி ஒரு ஆள் இல்ல. கைக்குழந்தைக்காரி ஒருத்தி கடைசி சீட்டுக்கே போயிட்டா. மைக்கு இல்ல, வண்டி இல்ல.

என்னப்பா கண்டக்டர்? இறக்கி விடணுமா? யாரை? இந்தப் பிள்ளையையா? இந்த வெயிலுல, இந்த நடு ரோட்டுலயா? பாசஞ்சர் சத்தம் போடுதாங்களா? போடட்டும். சத்தம் போடுற அத்தனை பேரும் சின்ன வயசுல இதே இலையில படுத்துக் கிடந்து எழுந்தவங்கதான். அம்மை போட்டு எழுந்தவனுக்கு மறுபடி வராது. தடுப்பூசி போட்டவனுக்கும் பயமில்ல. நான் டாக்டர் சொல்லுதேன். ஜன்னல் பூராவையும் திறந்து விடு. பிள்ளை கண்ணுக்கு நான் முந்தானையைப் பிடிச்சுக்கிடுதேன். அடுத்த ஊரு ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியை நிறுத்து. ஸ்டாப் இல்லையா? நான் இறங்குற இடம்தான் ஸ்டாப்பு. இவ இறங்க மாட்டா, நானும் இறங்க மாட்டேன். டிரைவர்கிட்ட போய்ச் சொல்லு, செண்பகவல்லின்னு ஒரு பொம்பளை சொல்லுதான்னு.

ஏன் என் கையையே பாக்க? ஓ, போனா. இலை தொங்கினா போனைத் தூக்கி வச்சுப் பழகின கை தாயி, தானா வந்துட்டுது. இல்ல, எடுக்கல. படம் எடுக்கல, உள்ள வச்சுட்டேன், பாரு. உங்க தெருவுக்கு யாரும் வர மாட்டாங்க. வந்தா நான் மட்டும் வாரேன். வாசல்லயே நிப்பேன், நீ உள்ள கூப்பிடுற வரைக்கும்.

மறுபடி அடிக்குது. சொல்லு பொன்ராஜ். என் பேரைக் கூப்பிட்டுட்டாங்களா? வர முடியாதுய்யா. பயந்து எங்கயும் ஓடல. பஸ்ஸுல இருக்கேன், ஒரு வேப்பிலைக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன். ஆமா, வேப்பிலைதான். இல்ல, கிறுக்குப் பிடிக்கல. குல்கர்ணிகிட்ட சொல்லு, திட்டத்தை ஒருத்தனும் புதைக்கக் கூடாது. நான் விட மாட்டேன். ஆனா நான் வார வரைக்கும் ஒருத்தனும் கையெழுத்தும் போடக் கூடாது. அபராதம் கிபராதம்னு நான் சொல்லச் சொன்னதை எல்லாம் சொல்லித் தொலைக்காத. அந்த இலை நமக்காகக் கட்டினது இல்லன்னு சொல்லு. ஆமா, நமக்கு இல்ல. பக்கத்து வீட்டுக்காரிக்கு. வயித்துப் பிள்ளைக்காரிக்கு. நாம குறுக்க போய் அதை அவங்ககிட்ட இருந்து பிடுங்கிட்டோம்... புரியலையா? எனக்கே இப்பத்தான் புரியுது. வைய்யி, ஆஸ்பத்திரி தெரியுது.

வா தாயி, எழுந்திரு. இலையை அவுக்காத, இங்கயே இருக்கட்டும், வண்டி கழுவுற வரைக்கும் இந்தச் சீட்டுல யாரும் உக்கார வேண்டாம். கண்டக்டர், கேட்டியா? பையை எடுத்துக்கோ. படி உயரமா இருக்கு, பிள்ளையோட நீ இறங்க முடியாது. நான் முதல்ல இறங்குதேன், பிள்ளையை என்கிட்ட குடு. குடும்மா, கீழ போடவா போறேன்? எனக்கு ஏற்கெனவே வந்துட்டுது, சின்ன வயசுலயே. நெஞ்சு எப்படி இழுக்குது பாரு, நேரமில்ல, குடு.

ஏன் பின்னால இழுத்துக்கிட்ட? எதைப் பாக்க? என் காலுல என்ன?

ஓ.

இரு. இந்தச் செருப்பு வார் ஒண்ணு, சீக்கிரம் வராது. ஆங், வந்துட்டு. கிடக்கட்டும் அங்கயே. கழட்டிட்டேன் தாயி, பாத்துக்கோ. இப்பக் குடு.